ஆனந்தமேரி வீட்டுக் கொல்லையில் ஒரு பந்தயக் கார்

ஆனந்தமேரி உப்பளம் பகுதியில் ஒரு பிரசவத்தை முடித்துக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பினபோது, கொல்லைச் சுவரில் எட்டடியைக் காணவில்லை. காலையில் போகும்போது சுவர் நின்றது. இப்போது செங்கல் எல்லாம் ஒரு பக்கம் குவியலாகக் கிடந்தது. அந்த இடைவெளியில் இரண்டு மாடுகள் அவளுடைய தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. மாட்டுக்குப் பின்னால் கட்டை வண்டி. கட்டை வண்டியின் மேல் கயிறு போட்டு இறுக்கின ஒரு சாமான். அதற்குச் சக்கரம் மூன்று இருந்தது. விளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. மரத்தால் செய்த பின்பக்கம் தோணி மூக்கு மாதிரி கூராக நீண்டு, செல்லரித்துப் போயிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு எலி எட்டிப் பார்த்து, அவளையும் பார்த்து, திரும்ப உள்ளே போய்விட்டது.

அவள் புருஷன் தனிஸ்லாஸ் அதன் பக்கத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"மேரி, பாத்தியா? பந்தயக் காரு. பிரான்சுல செஞ்சது. ரெண்டே பேரு உக்கார்ற வண்டி."

"சுவரு எங்க?"

"வாசல் அகலம் பத்தல. அத கட்டிக்கலாம். நாலாவது சக்கரமும் இருக்குது, தனியா வருது."

"இது ஓடுமா?"

"எப்படி ஓடும்?" என்றார் தனிஸ்லாஸ், அவள் ஏதோ விளங்காமல் கேட்டுவிட்ட மாதிரி. "ஓடுச்சின்னா எனக்கு ஏன் குடுக்கறாங்க?"

அது 1933-ஆம் வருஷம், ஐப்பசி மாசம். கடற்கரையோரத்தில் இருந்த ஒரு பிரெஞ்சு வியாபாரியின் ஐஸ் மிஷினை ஓட வைத்ததற்குக் கூலியாக, அவருடைய கிடங்கில் ஆறு வருஷமாக உப்புக் காற்றில் கிடந்த அந்தக் காரைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வியாபாரிக்குக் கிடங்கு காலியானது. ஆனந்தமேரிக்குக் கொல்லை நிறைந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்தப் பட்டணத்தில், நெல்லித்தோப்பில் ஆனந்தமேரியைத் தெரியாத வீடு அப்போது கிடையாது. ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சும் பிரசவமும் ஒன்றாகப் படித்துத் தேறின மருத்துவச்சி. "மதாம் வந்துட்டாங்க" என்று வாசலில் யாராவது சொன்னால் உள்ளே வலியில் கிடக்கிறவளுக்குப் பாதி பயம் தெளிந்துவிடும் என்பார்கள். குள்ளமான உருவம், வேகமான நடை, அதைவிட வேகமான நாக்கு. கல்யாணமான மறுவருஷமே தனிஸ்லாஸ் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. இருபத்தோரு வருஷத்தில் நான்கு முறை லீவில் வந்தார். ஒரு லீவில் மகள் பிறந்தாள், கடைசி லீவில் அவளைக் காரைக்காலில் கட்டிக் கொடுத்தார்கள். மற்றபடி வீடு, கிணறு, கொல்லை, எந்த மூலையில் எந்தக் குடம் என்பது வரைக்கும் ஆனந்தமேரி போட்டதுதான் சட்டம். அப்படி இருந்தவளுடைய வீட்டுக்குத்தான் ஐம்பது வயசில் பென்ஷனும் ஒரு தகரப் பெட்டி நிறைய கருவிகளுமாகத் தனிஸ்லாஸ் நிரந்தரமாக வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நின்றுபோன கடிகாரத்தை ஓட வைத்தார். கிணற்று ராட்டினத்தின் கீச்சுச் சத்தத்தை நிறுத்தினார். தையல் மிஷினைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு ரவிக்கை தைத்து முடிப்பதற்குள் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. இன்னும் வேகமா ஓட வைக்கலாம்."

வேகமாக ஓடியது. நாலு தையலுக்கு ஒரு தரம் நூல் அறுந்தது. பழுது பார்ப்பது ஒரு புத்தி, பார்த்து முடித்ததன் மேல் திரும்பவும் கையை வைப்பது இன்னொரு புத்தி. தனிஸ்லாசுக்கு இரண்டாவது புத்திதான் பெரிசு என்று அவளுக்குப் புரிய எட்டு மாசம் பிடித்தது. அதற்குள் கார் வந்துவிட்டது.

முதல் வருஷம் முழுக்க அவர் அதைப் பிரித்தார். எஞ்சின் கொல்லைக் கொட்டாயில். அதன் வால்வுகள் அடுப்படி அலமாரியில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில். பல்சக்கரங்கள் விருந்தாளிக்கென்று வைத்திருந்த கட்டிலில், வெள்ளைத் துணி விரித்து வரிசையாக. மகள் காரைக்காலிலிருந்து வந்தபோது தரையில் பாய் விரித்துப் படுத்தாள். "அத நவுத்தினா வரிச மாறிடும்" என்றார் தகப்பன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட ஆனந்தமேரி ஒரு நாள் அடுப்படியில் நுழைந்தபோது, அடுப்பின் மேல் அவளுடைய எனாமல் தட்டு இருந்தது. கத்தரிக்கோலும் தொப்புள்கொடி கட்டுகிற நூலும் கொதிக்க வைப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தட்டு. வேறு யாரும் அதை விரலால்கூடத் தொட்டது கிடையாது. இப்போது அதில் கருப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நடுவே பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது எஞ்சின் சங்கிலி.

"கிரீசுல கொதிக்க வச்சாத்தான் மேரி கண்ணிக்குள்ள எறங்கும்."

"அது எந்தத் தட்டுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நல்ல தட்டு. சூடு ஒரே சீரா பிடிக்குது."

அன்றைக்கு அவள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. பிறகு நேரே பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுத் தட்டு வாங்கி வந்து, அதைத் துணிமணியோடு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இருபத்தோரு வருஷம் தனியாக இருந்தபோது அவள் வீட்டுக்குள் எதையும் பூட்டியதில்லை.

அவளுடைய புலம்பலைக் கேட்க ஒரு ஆள் இருந்தான், பக்கிரி. அவள் பிரசவத்துக்குப் போகிற புஷ்புஷ் வண்டியைத் தள்ளுகிறவன். புஷ்புஷ் என்றால் நாலு சக்கரத்து நாற்காலி வண்டி. பின்னாலிருந்து ஆள் தள்ளுவான். முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் கையில் ஒரு நீளக் கம்பி இருக்கும், அதைத் திருப்பித்தான் வண்டிக்கு வழி காட்டவேண்டும். மாட்டு வண்டிக்கும் மீன்கூடைக்கும் நடுவே ஆனந்தமேரி கம்பியைத் திருப்பிக்கொண்டே பின்பக்கம் பார்த்துப் பேசுவாள். பக்கிரி தள்ளிக்கொண்டே உம் கொட்டுவான்.

"குடிக்கிற புருஷன் இருக்கான், அடிக்கிற புருஷன் இருக்கான். எனக்குத் திருகாணி புடிக்கிற புருஷன்."

"வுடுங்க மதாம். வீட்டோட கெடக்காரில்ல?"

"வீட்டோட கெடக்காரு. வீடுதான் எங்க கெடக்குதுன்னு தெரியல."

செல்லரித்த பின்பக்கத்தைச் செய்ய தேங்காய்த்திட்டிலிருந்து வைத்திலிங்கம் என்ற தோணித் தச்சரைக் கூட்டி வந்தார் தனிஸ்லாஸ். வைத்திலிங்கத்துக்குக் கார் தெரியாது, தோணி தெரியும். பலகையைச் சீவி, வளைத்து, இணைப்பில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணி புகாமல் செய்து கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை மழையில் மூடாமல் விட்டபோது, தண்ணி புகாத அந்த வயிற்றில் விழுந்த மழை வெளியேயும் போகவில்லை. மறுநாள் ஆனந்தமேரி ஏழு குடம் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். எட்டாவது குடத்தில் தவளை வந்தது. தனிஸ்லாஸ் அடியில் துளை போட்டார். அதைப் பார்த்த வைத்திலிங்கம், "தோணியில ஓட்ட போடற மனுசன இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மாசம் அந்தப் பக்கம் வரவில்லை.

1935 பொங்கல் கழிந்த வாரம் எஞ்சின் முதல் முறையாக ஓடியது. தனிஸ்லாஸ் முன்னால் நின்று ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒன்பது முறை ஒன்றும் இல்லை. பத்தாவது முறை காரின் குழாய் கறுப்பாக ஒரு புகையைத் துப்பியது. அப்புறம் ஒரு உறுமல். கொல்லையில் காய்ந்துகொண்டிருந்த புடவைகள் எல்லாம் நடுங்கின. கோழிகள் சுவர் இடிந்த வழியாக ஓடின. தெருவே வந்து நின்றது. ஆனந்தமேரி கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவள் ஒரு கோபமும் இல்லாமல் அந்தக் காரைப் பார்த்தது அந்த இரண்டு நிமிஷம்தான். செத்துப் பிறந்த மாதிரி வந்தது, அழுதுவிட்டதே என்று நினைத்தாள்.

தனிஸ்லாஸ் எஞ்சினை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"மூணாவது வால்வு சத்தம் சரியில்ல. பிரிக்கணும்."

கரண்டியை அவள் அடுப்பில் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

பிரித்தார், மாட்டினார். ஓடியது. பிறகு நீல வர்ணம் அடித்தார். பச்சை நன்றாக இருக்கும் என்று பச்சை அடித்தார். பச்சை கடல் பாசி மாதிரி இருக்கிறது என்று திரும்ப நீலம். விளக்கை இரண்டு அங்குலம் கீழே இறக்கினார். மணல் ரோட்டுக்கு ஆகாது என்று வண்டியின் இடுப்பையே உயர்த்தினார். தோணி வயிற்றை அறுத்து, மூன்றாவது ஆள் உட்கார ஒரு குழி இருக்கை வைத்தார். வண்டி தினமும் காலையில் கொட்டாயில் நின்றபடி அரை மணி நேரம் உறுமும், பிறகு அடங்கும். ஒரு நாளும் சுவர் இடைவெளியைத் தாண்டவில்லை. சுவரையும் கட்டவில்லை, கார் வெளியே போகவேண்டுமாம். கடைசியில் அந்த இடைவெளிக்குக் கதவு போட்டது ஆனந்தமேரிதான்.

"எப்ப ரோட்டுக்கு வரும்?" என்று கேட்டால் ஒரு பதில் இருக்கும். டயர் வரவேண்டும். சென்னையிலிருந்து டயர் வந்து எல்லையில் சுங்கக்காரர்களிடம் நிற்கிறது. டயர் வந்துவிட்டது, ஆனால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்போல் இருக்கிறது. ஓடாத வண்டியில் பிரேக் இழுப்பது எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டதும் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார்.

1936 ஆடியில் பக்கிரியின் முட்டி வீங்கியது. ஒரு நாள் அரியாங்குப்பம் போய்த் திரும்புகிற வழியில் பாலத்தருகே உட்கார்ந்துவிட்டான். "முட்டி மடங்க மாட்டேங்குது மதாம்" என்று அழுதான். ஆனந்தமேரி அவனை நாற்காலியில் உட்கார வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். பட்டணமே பார்த்துச் சிரித்தது. வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் கொட்டாய்க்குப் போனாள்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு இந்தக் காருல போறோம்."

"இந்த ஞாயிறா?"

"இந்த ஞாயிறு. இனிமே ஒரு வார்த்த கெடையாது."

தனிஸ்லாஸ் தலையை ஆட்டினார். அவள் பட்டுப் புடவையை எடுத்து வைத்தாள். நாலு வீட்டில் சொல்லியும் வைத்தாள், அவர் பின்வாங்கக் கூடாதென்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுப் புடவையோடு கொட்டாய்க்குப் போனால், வொலான் என்று அவர் சொல்கிற ஸ்டியரிங் சக்கரம் கழன்று தரையில் கிடந்தது. அதன் தண்டு எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது. தனிஸ்லாஸ் குனிந்தபடி, "வொலான்ல ஒரு ஆட்டம் இருக்குது மேரி, ஆபத்து" என்றார்.

அவள் பட்டுப் புடவையோடு திரும்பினாள். நடந்தே கோயிலுக்குப் போனாள். பூசை முழுவதும் பிரசங்கத்தில் ஒரு சொல் காதில் விழவில்லை. வெளியே வந்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "கார் எங்கே?" கடைசியாக வந்து நின்றவர் யூஜின், சர்க்கார் இஞ்சினீர் ஆபீசில் குமாஸ்தா. அவருடைய மூன்று பிள்ளைகளும் ஆனந்தமேரி கையில்தான் பிறந்தார்கள்.

"நீங்க கோவிச்சிக்கக் கூடாது மதாம்" என்றார் யூஜின், குரலைத் தணித்து. "அண்ணனுக்குப் பெர்மி கெடைக்கல, அப்புறம் எப்படிக் காரை எடுப்பாரு?"

"என்ன பெர்மி?"

"வண்டி ஓட்டறதுக்கான பெர்மி. மூணு தரம் பரீட்சைக்கு வந்தாரே? உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. யூஜின் சொல்லச் சொல்ல அப்படியே நின்றாள். சொந்தக் காரைக் கொண்டு வராததால் ஆபீஸ் காரில்தான் பரீட்சை. முதல் தரம் மார்க்கெட் பக்கம் போய்ப் பூசணிக்காய்க் குவியலுக்குள் வண்டியை விட்டார். இரண்டாம் தரம் இஞ்சினீர் துரை "நிறுத்து" என்று மூன்று முறை சொல்லியும் நிறுத்தாமல் ஒரு ஃபர்லாங் போனார். மூன்றாம் தரம் வண்டியைக் கிளப்பவே இல்லை. இறங்கி மூடியைத் திறந்து, துரையுடைய காரின் எஞ்சினையே பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நல்லா செஞ்சிட்டாரு, அது வேற விசயம்" என்றார் யூஜின். "ஆனா பெர்மி குடுக்க முடியாதில்ல?"

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவளுக்குள் கொதித்தது. தோற்றதற்காக இல்லை. ஒரு மனுஷன் ஒரு பரீட்சையில் மூன்று முறை தோற்கலாம். அதை மறைக்க இத்தனை நாள் ஒரு கொல்லையை அடைத்துக்கொண்டு, நீலம், பச்சை, நீலம் என்று அடித்துக்கொண்டிருக்கலாமா? டயர், பிரேக், வால்வு என்று அவள் நம்பினாளே, எத்தனை பொய்!

தனிஸ்லாஸ் கொட்டாயில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"யூஜின் சொல்லிட்டானா?"

"எஞ்சின ஒவ்வொரு ஆணியா பிரிச்சி மாட்டத் தெரியுது. ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?"

"ஓட்டத் தெரியும்." கொஞ்ச நேரம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். "வண்டி நகந்ததும் என் காது மொத்தேருக்குள்ள, எஞ்சின் சத்தத்துக்குள்ள போயிடுது மேரி. எந்தச் சக்கரம் எங்க உரசுதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அப்ப கண்ணு எதையும் பாக்க மாட்டேங்குது. எதுருல ஆளு நின்னாலும் தெரியாது. முதல் தரம் அது பூசணிக்காயா போச்சி. கொழந்தையா இருந்திருந்தா?"

அவருடைய குரல் அப்படித் தாழ்ந்து அவள் கேட்டதில்லை. கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு எதிரே இருந்த வண்டியைப் பார்த்தாள். ஓடுகிற வண்டி. மூன்று வருஷம் அவள் சாப்பாடு போட்ட வண்டி.

"அப்ப நான் ஓட்டறேன்."

தனிஸ்லாஸ் நிமிர்ந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்து அவள் நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவர் சிரிக்கவில்லை. அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும், தச்சன் பலகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பெடல் எட்டாது" என்றார். "கட்ட வச்சி ஒசத்தணும். சீட்டும் நாலு அங்குலம் முன்னால வரணும். புடவத் தலப்பு பிரேக்குல மாட்டும், அதுக்கு ஒரு தகடு வைக்கலாம்." அதற்குள் எழுந்து அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வேலைக்கு ஏழு வாரம் ஆனது. இரண்டு வாரத்தில் முடிகிற வேலை. ஒவ்வொரு கட்டையையும் மூன்று முறை செய்தார். "பிரசவத்துக்கு வலி வந்தா நானும் இப்படி ஏழு வாரம் பொறுங்கன்னு சொல்லட்டுமா?" என்று அவள் தினமும் கேட்டாள். ஆனால் கடைசியில் அவள் ஏறி உட்கார்ந்தபோது, கால் வைத்த இடத்தில் பெடல் இருந்தது, கை வைத்த இடத்தில் சக்கரம் இருந்தது. கார் வந்த பிறகு அவருடைய கைவேலை அவளுக்கு நேராகப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

உப்பளத்து மைதானத்தில் விடிகாலையில் பழகினார்கள். கற்றுக்கொடுக்கிற ஆளாகத் தனிஸ்லாசைத் தாங்க முடியவில்லை. "கிளட்சை மிதி" என்பதோடு நிற்க மாட்டார். மிதித்தால் உள்ளே எந்தத் தட்டு எந்தத் தட்டை விட்டு விலகுகிறது என்று ஆரம்பிப்பார். அதற்குள் வண்டி குட்டையில் இறங்கியிருக்கும். மூன்றாம் நாள் அவள் வண்டியை நிறுத்தி, "எறங்குங்க" என்றாள். அவரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுத் தனியாக மைதானத்தைச் சுற்றினாள். சுற்றச் சுற்ற வந்துவிட்டது. சக்கரத்தைப் பிடித்து வழி காட்டுவது அவளுக்குப் புதிதா என்ன? இருபது வருஷமாகப் புஷ்புஷ் கம்பியைத் திருப்பின கை. எந்தச் சந்திலிருந்து ஆடு வரும், எந்த வண்டிக்காரன் தூங்கிக்கொண்டே வருவான் என்று பட்டணத்துத் தெருக்கள் அவள் கண்ணுக்குள் இருந்தன. இப்போது தள்ளுவது பக்கிரிக்குப் பதில் எஞ்சின், அவ்வளவுதான்.

1937 மாசியில் பரீட்சை. இஞ்சினீர் துரை தனிஸ்லாசைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். யூஜின் அவசரமாக முன்னால் வந்து, "இவரில்லை முசே, அவர் சம்சாரம்" என்று விளக்கினார். துரை ஆனந்தமேரியைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நீலக் காரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மிஷன் தெரு வழியாகப் போய், மார்க்கெட்டைச் சுற்றி, கடற்கரைக்கு வந்து நிறுத்தச் சொன்ன இடத்தில் அவள் நிறுத்தினாள். ஒரு பூசணிக்காய்க்கும் சேதமில்லை. துரைக்கு அது போதவில்லை. மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறினால் என்னென்ன பார்ப்பாய் என்று பிரெஞ்சில் கேட்டார். மூன்று வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் காதில் விழுந்ததை எல்லாம் ஆனந்தமேரி பிரெஞ்சில் திருப்பிக் கொட்டினாள். பெட்ரோல் வருகிற குழாய், வடிகட்டி, மேக்னெட்டோவின் முனை, வால்வின் இடைவெளி. துரை கையைத் தூக்கி, "போதும் மதாம்" என்றார். பெர்மி கைக்கு வந்தது.

அப்புறம் சில மாசம் நன்றாகத்தான் போனது. முத்தியால்பேட்டை, வில்லியனூர், ஒரு தரம் எல்லைச் சாவடிகளைத் தாண்டி சேதராப்பட்டு வரைக்கும்கூடப் போய் வந்தாள். பக்கிரிக்கு முட்டிதான் போயிருந்தது, கையில் பலம் இருந்தது. ஹாண்டில் போடுவதும் வண்டி துடைப்பதும் அவன் வேலையானது. தோணி வயிற்றுக் குழி இருக்கையில் மருந்துப் பையோடு உட்கார்ந்து வருவான்.

ஆனியில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். தேங்காய்த்திட்டிலிருந்து அம்மாவாசை என்கிற மீனவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். அவன் அண்ணன் பெண்டாட்டி கன்னியம்மாளுக்கு வலி. மூன்றாவது பிரசவம், சீக்கிரம் ஆகிவிடும், ஆனால் பிள்ளை சரியாக இறங்கவில்லை என்று சந்தேகம். ஆனந்தமேரி பையை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். காரின் மூடி திறந்திருந்தது. தரையில் பழைய செய்தித்தாள். அதன் மேல் கார்புரேட்டர், பதினேழு துண்டாக.

"ஒரு மணி நேரம் மேரி" என்றார் தனிஸ்லாஸ். "பெட்ரோல் கம்மியா குடிக்கறதுக்கு ஒரு யோசன."

அவள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அம்மாவாசையோடு நடந்தாள், ஓடினாள். வெயிலும் மணலும். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பாதி வெளியே, கொடி கழுத்தில் இரண்டு சுற்று. எடுத்துப் போட்டபோது நீலமாக, சத்தமில்லாமல் கிடந்தது. வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து, தட்டி, வாயோடு வாய் வைத்து ஊதி, திரும்பத் திரும்ப ஊதி… எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் பிள்ளை தும்மினது மாதிரி ஒரு சத்தம் போட்டு, அழுதது. பெண் குழந்தை.

கன்னியம்மாள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "காருல வருவீங்கன்னு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு கெடந்தேம்மா."

ஆனந்தமேரி திரும்பி வரும்போது மெதுவாக நடந்தாள். வீட்டில் கார் முழுசாக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பூனை மாதிரி மெல்லிய சத்தத்தோடு.

"கேளு மேரி, இப்பக் கேளு!"

அவள் போய் எஞ்சினை நிறுத்தினாள். கழுத்தில் இரண்டு சுற்று, நீலம், ஊதினது, கன்னியம்மாள் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் தனிஸ்லாஸ் தாங்கியிருப்பார், அதற்கு அவர் பழகியிருந்தார். இதைக் கேட்டு அவர் முக்காலியில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களின் கிரீஸ் நெற்றியில் ஒட்டியது.

ஆனந்தமேரி கொட்டாயில் கிடந்த ஸ்பானர், ஸ்க்ரூட்ரைவர், அரம், சுத்தியல் எல்லாவற்றையும் பொறுக்கி சைகோன் தகரப் பெட்டியில் போட்டாள். பூட்டினாள். சாவியைக் கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியக் கயிற்றில் கோர்த்துக்கொண்டாள்.

"சனிக்கெழம காலையில தெறப்பேன். சாயங்காலம் பூட்டிடுவேன். மத்த நாள்ல அந்த வண்டி என்னோடது."

"சரி" என்றார் தனிஸ்லாஸ். "சத்தம் ஏதாவது வந்தா?"

"சனிக்கெழம வரைக்கும் சத்தம் வரட்டும்."

அவருக்கு அது பெரிய தண்டனைதான். வாரம் முழுதும் திண்டாடினார். சாப்பிடும்போது விரல்கள் இலை ஓரத்தில் இல்லாத திருகாணியைத் திருகின. கரண்டிக் காம்பால் மூடியைத் திறக்கப் பார்த்ததைப் பக்கிரி ஒரு முறை காட்டிக் கொடுத்தான். ஆனால் வண்டி ஒரு நாளும் அவளைக் கைவிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் நூற்றுப் பத்துக்கும் மேலே பிரசவத்துக்கு அந்த நீலக் கார் போய் வந்தது. வாசலில் அது நின்றால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும்.

1938 கடைசியில், பிரான்சிலிருந்து புதிதாக வந்த ஒரு இளம் அதிகாரி கடற்கரையில் காரைப் பார்த்துவிட்டு நெல்லித்தோப்புக்கே தேடி வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தோணிப் பலகையைத் தடவினார். தனிஸ்லாஸ் உற்சாகமாக ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் அதிகாரி, இதை எனக்கு விலைக்குக் கொடுத்துவிடுகிறீர்களா என்று கேட்டார். தனிஸ்லாஸ் ஆனந்தமேரியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு மினுக்கு இருந்தது. அவளுக்கு அந்த மினுக்கைத் தெரியும்.

"குடுத்துடலாமா மேரி? இது முடிஞ்சிபோன வேல. கடலூர் பக்கம் ஒரு லாரி இருக்குதாம், யாருக்கும் வேணாமாம்…"

ஆனந்தமேரி பையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். முத்தியால்பேட்டையில் ஒருத்தி காத்திருந்தாள். பக்கிரி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"செய்தது அவர், முசே" என்று பிரெஞ்சில் சொன்னாள். "வண்டி என்னுடையது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நான் பின்பக்கமாக எடுக்கவேண்டும்." அப்புறம் புருஷனிடம், "லாரி வாங்கறதா இருந்தா வாங்குங்க. இந்தக் கொல்லையில இல்ல."

லாரியை நிறுத்த வைத்திலிங்கம் தச்சர், தோணி கட்டுகிற தன் கொட்டகையில் ஒரு பக்கத்தை ஒழித்துக் கொடுத்தார். தனிஸ்லாஸ் தினமும் காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போக ஆரம்பித்தார். அந்த லாரி எந்த நிலையில் இருக்கிறது, எப்போது ஓடும் என்று ஆனந்தமேரி ஒரு நாளும் கேட்கவில்லை. சாயங்காலம் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வீட்டுக்குள் எதையும் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதையும் வாரத்தில் இரண்டு நாள் மறந்துவிடுவார்.